தாமதத்திற்கான காரணம்

எங்கள் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை தாமதமாகலாம்; தாமதத்துக்குக் காரணம் எழுதுவது மட்டும் தாமதமாகக் கூடாது. அதற்கென்றே இளநீலத்தில் ஒரு படிவம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். கத்தி வைக்க வேண்டிய நேரம், கத்தி வைத்த நேரம், கீழே ஆறு கட்டங்கள். நோயாளி தயாரில்லை, கருவிக் கோளாறு, ரத்தம் வந்து சேரவில்லை, போக்குவரத்து நெரிசல், பணியாளர் தாமதம், இதர. ஏதாவது ஒன்றில் டிக் போட்டு, அதன் கீழ் இருக்கும் ஒற்றைக் கோட்டில் விளக்கம் எழுத வேண்டும்.

இதில் ஐந்தாவது கட்டம்தான் ஆபத்து. மூன்று மாதத்துக்குள் ஒருவர் பெயரில் மூன்று டிக் விழுந்தால் அவரைப் பெரிய தியேட்டரிலிருந்து தூக்கிச் சின்ன தியேட்டரில் போட்டுவிடுவார்கள். பதவி உயர்வு அதோடு போச்சு. அதனால் அந்தக் கட்டத்தில் மை பட்டதே கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக இந்தப் படிவத்தை நிரப்பும் தியேட்டர் சிஸ்டர் ஒருமுறை என்னிடம் சொன்னார்:

"இந்த ஆஸ்பத்திரியில கருவி எதுவும் கெட்டுப் போனதே இல்ல டாக்டர். ஆனா வாரத்துல மூணு நாள் 'கருவிக் கோளாறு'ன்னு எழுதுறேன். பாவம், அந்தக் கருவிங்களுக்கு வாய் இல்ல."

அந்த ஐந்தாவது கட்டத்தில் முதல்முறையாக மை பட்டது என் பெயரில். ஒன்றல்ல, மூன்று.

நான் மயக்க மருந்து டாக்டர். இந்தத் தொழிலில் மாலை மரியாதை கிடையாது. நோயாளி கண்விழிக்கும்போது கத்தி வைத்தவரைத் தேடுவார், என்னை மறந்திருப்பார். மறந்திருந்தால்தான் நான் என் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறேன் என்று அர்த்தம். பன்னிரண்டு வருஷமாக இப்படி வெற்றிகரமாக மறக்கப்பட்டு வருகிறேன். எங்கள் துறைத் தலைவர் இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறார். அடுத்து நான் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு அந்தப் பதவி வேண்டாம் என்றெல்லாம் கதை விட மாட்டேன். வேண்டும். தலைவர் அறையில் ஜன்னல் இருக்கிறது. உட்கார்ந்தால் முனகாத நாற்காலி இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் மனிதனுக்கு இதற்கு மேல் என்ன பேராசை இருக்க முடியும்?

தலைமை அறுவை மருத்துவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சக்கரவர்த்தி. வைத்தது யாரென்று தெரியாது. அது அவர் காதில் விழுந்தபோது அவர் கோபப்படவில்லை என்பது மட்டும் தெரியும். கை தங்கமான கை, அதில் சந்தேகமே இல்லை. வாய்தான் யாரையும் ஒரு வாக்கியத்தை முடிக்க விடாது. நீங்கள் "சார், அந்த நோயாளிக்கு..." என்று ஆரம்பித்தால், "சர்க்கரை ஏறியிருக்கு, அவ்வளவுதானே?" என்பார். செருப்பு தொலைந்துபோனதைச் சொல்ல வந்திருப்பீர்கள்.

மாமனிதர்கள் எல்லாரும் விடிவதற்கு முன்பே எழுகிறார்கள் என்று அவர் எங்கேயோ படித்துவிட்டார். படித்ததோடு விட்டிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். 'விடியலை வெல்வோம்' என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். விடியல் யாரோடும் சண்டைக்கு வந்ததாக எங்களுக்குத் தகவல் இல்லை. ஆனாலும் எட்டரைக்கு வைத்துக்கொண்டிருந்த முதல் கத்தி இனி ஏழரைக்கு என்று ஆனது. கத்தி ஏழரைக்கு என்றால் நான் ஏழு மணிக்கு நோயாளியின் தலைமாட்டில் நிற்க வேண்டும்.

என் நியமனக் கடிதத்தில் எட்டு மணி என்று போட்டிருக்கிறது. அதைக் காட்டினேன். எங்கள் துறையின் இளைய டாக்டர் ஏழு மணிக்கு வரத் தயாராக இருந்தார், கெட்டிக்காரப் பிள்ளை. அவரை வைத்து முதல் கேஸை ஆரம்பியுங்கள், எட்டு மணிக்கு நான் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"என் கேஸுக்கு நீ தான்யா நிக்கணும். சின்னப் பசங்க கையில எல்லாம் நான் கத்தி பிடிக்க மாட்டேன்" என்றார் சக்கரவர்த்தி.

"சார், காலைல எனக்கு..."

"டிராஃபிக். தெரியும். சீக்கிரம் கிளம்பு."

டிராஃபிக் இல்லை. காலையில் எனக்கு ஒரு வக்கீல் இருக்கிறாள்.

வக்கீல் என்பது எட்டு வயதான என் மகளுக்கு அவள் அம்மா வைத்த பெயர். எதை எடுத்தாலும் வாதாடுவாள், ஒரு வழக்கிலும் தோற்க மாட்டாள், ஆனால் ஒவ்வொன்றும் முடிய நேரமாகும். அவளுக்குத் திக்குவாய். வார்த்தை தொண்டைவரை வந்து, கதவு திறக்காமல் நிற்கும். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தள்ளுவாள். சில நேரம் திறக்கும். சில நேரம் பக்கத்து வார்த்தை வழியாகச் சுற்றிக்கொண்டு வருவாள்.

போன வருஷம் பள்ளி வேனில் போய்க்கொண்டிருந்தாள். வேனில் இருந்த பிள்ளைகள் கெட்டவர்கள் அல்ல, வேகமானவர்கள். அவள் "நா-நா-நான்" என்று தொடங்கும்போதே மூன்று பேர் மூன்று விதமாக அந்த வாக்கியத்தை முடித்துவிடுவார்கள். எட்டு மாதத்தில் வேனிலும் வகுப்பிலும் பேசுவதையே நிறுத்திவிட்டாள். பேச்சுப் பயிற்சி தரும் ஒரு அம்மாவிடம் கூட்டிப் போனோம். அவர் என்னையும் மகளையும் பேச விட்டு, மேஜைமேல் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு நோய் யாருக்கு என்று சொன்னார்.

"பாப்பாவுக்கு ஒரு வாக்கியம் முடிக்க ஒரு நிமிஷம் வேணும். நீங்க ஒன்றரை செகண்டு குடுக்குறீங்க."

"நான் எடுத்துக் குடுத்து உதவிதானே பண்றேன்?"

"நீங்க ஊசி போடும்போது ஒருத்தர் கையை நீட்டி, ஊசியைப் பிடுங்கி, அவர் குத்தினா அது உதவியா டாக்டர்?"

வேனில் இருந்த மூன்று பிள்ளைகளோடு நாலாவதாக நானும் இருந்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. சக்கரவர்த்தியைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பெல்லாம் எனக்கே சேர வேண்டியது.

மருந்தையும் அந்த அம்மாவே எழுதிக் கொடுத்தார். "தினம் காலைல இருபது நிமிஷம். நடந்துக்கிட்டே. வாயைத் திறக்கக் கூடாது."

"அவளா?"

"நீங்க."

என் மனைவி ரயில் ஓட்டுபவள். காலை நாலரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மதியம் இரண்டு மணிக்குத்தான் திரும்புவாள். மதியமும் மாலையும் அவளுடையது, காலை என்னுடையது. ஏழு இருபதுக்கு நானும் வக்கீலும் வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்குவோம். சலவைக் கடை, சைக்கிள் பழுது பார்ப்பவர், சாக்கடை மூடியில்லாத திருப்பம், பெரிய சாலை, பள்ளி. இருபது நிமிஷம். நான் வாயைத் திறக்க மாட்டேன். முதல் மாதம் அவளும் திறக்கவில்லை. இரண்டு ஊமைகள் பையை மாட்டிக்கொண்டு நடந்தோம். பிறகு ஒருநாள் சைக்கிள்காரரைத் தாண்டும்போது, "அ-அ-அப்பா, நீ தூ... தூங்க வைக்கிறவங்களுக்கு... க-கனவு வருமா?" என்றாள். கேட்டு முடிக்கும்போது பெரிய சாலை வந்திருந்தது. பதில் எனக்குத் தெரியவில்லை. படித்தவன் என்ற திமிரில் கொஞ்சம் அன்று சாலையோரமாக உதிர்ந்தது.

'விடியலை வெல்வோம்' நடைமுறைக்கு வந்த முதல் நாள் நான் எட்டு மணிக்கு, என் கடிதப்படி சரியாக, தியேட்டருக்குள் நுழைந்தேன். சக்கரவர்த்தி கையுறை போட்டு, கைகளைக் கும்பிடுவது போலத் தூக்கிக்கொண்டு அரைமணி நேரமாக நின்றிருந்தார். பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததைப் பலரும் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்கள். கேஸ் முடிந்ததும் சிஸ்டர் நீலப் படிவத்தை நீட்டினார்.

"நெரிசல்னு போட்டுறட்டுமா டாக்டர்? நாலாவது கட்டத்துக்குச் சேதாரம் இல்ல."

நான் பேனாவை வாங்கினேன். ஐந்தாவது கட்டத்தில் டிக் போட்டேன். கோட்டில் எழுதினேன்: 'மகள் ஒரு வாக்கியம் சொல்லிக்கொண்டிருந்தாள். முடியும்வரை கேட்டேன்.'

சிஸ்டர் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"என்ன வாக்கியம்?"

"நாளைக்கு வகுப்புல கை தூக்கப் போறாளாம்."

"தூக்கினாளா?"

"நாளைக்குத்தானே சிஸ்டர்."

அவள் மறுநாள் தூக்கவில்லை. 'நாளைக்கு' என்பதை மறுநாளும் சொன்னாள். நானும் மறுநாள் எட்டு மணிக்கு வந்து அதையே எழுதினேன். இரண்டு டிக்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை, பெரிய தியேட்டரில் கேஸ் இல்லாத நாள்; கண்காணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். இவருக்கு நாங்கள் வைத்த பெயர் சமாதானம். இரண்டு பேர் சண்டை போட்டால் இரண்டு பேரும் சொல்வது சரி என்பார். மூன்றாவது ஆள் வந்து இரண்டுமே தப்பு என்றால் அதுவும் சரி என்பார். அவர் பக்கத்தில் மனிதவள மேலாளர், முப்பது வயதுக்காரர், உட்கார்ந்திருந்தார். 'வேலை–வாழ்க்கை சமநிலை' என்ற சுவரொட்டியை வராண்டா முழுக்க ஒட்டியவர் இவர்தான். அதில் ஓர் அப்பா மடிக்கணினியை ஒரு கையிலும் கைக்குழந்தையை மறு கையிலும் வைத்துக்கொண்டு சிரிப்பார். குழந்தையும் சிரிக்கும். அடியில் 'குடும்பமே முதல்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே, சுவரில் மூக்கை உரசினால் மட்டும் தெரியும் எழுத்தில், 'துறைத் தலைவரின் முன் அனுமதியுடன்'.

"டாக்டர், உங்க உணர்வுகளை நாங்க ரொம்ப மதிக்கிறோம்" என்றார் மேலாளர்.

"அப்படின்னா காலைல எட்டு மணிக்கு வரட்டுமா?"

"உணர்வுகளைத்தான் மதிக்கிறோம்னு சொன்னேன்."

சமாதானம் குறுக்கே புகுந்தார். "தம்பி, உனக்கு என்ன கஷ்டம்? நெரிசல்னு ஒரு வார்த்தை எழுது. பழசையும் மாத்திறலாம். நீயும் நடந்து போய்க்கோ, அவரும் கோபப்படட்டும், ரெண்டு மாசத்துல நாற்காலியில உக்காரு. எல்லாருக்கும் நல்லது."

யோசித்துப் பார்த்தேன். பொய்யில் எனக்குப் பெரிய வெறுப்பு இல்லை. ஊசி போடும்போது "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்" என்று தினமும் எட்டு முறை சொல்கிறவன் நான். ஆனால் இந்தப் பொய் எழுத வரவில்லை. நெரிசல் என்று எழுதிவிட்டால் அவள் சொன்ன வாக்கியம் நடக்கவே இல்லை என்றாகிவிடும். அவள் சொன்னதை இத்தனை நாள் நான் அழித்தேன். இனி அதை அழிக்க ஒரு கட்டமும் அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

"பழசு அப்படியே இருக்கட்டும் சார்" என்றேன்.

மூன்றாவது டிக் அடுத்த திங்கட்கிழமை விழுந்தது. அது கொஞ்சம் விவகாரமானது.

முதல் கேஸ் ஒரு வெல்டர், ஐம்பத்தைந்து வயது, பித்தப்பைக் கல். முந்தின நாள் மாலை தாமதமாகச் சேர்ந்ததால் நான் அவரைப் பார்த்திருக்கவில்லை. இளைய டாக்டர் எல்லாக் கேள்வியும் கேட்டுக் கோப்பில் எழுதியிருந்தார்; பதில் சொன்னது வெல்டரின் மகன். குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததுண்டா? இல்லை. நான் எட்டு மணிக்கு உள்ளே போனபோது வெல்டர் மேஜையில் படுத்திருந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். ஒவ்வொரு வார்த்தையாகப் பற்றவைத்துத்தான் அடுத்ததை எடுப்பார்.

"சார்... என் தம்பிக்கு..."

"தம்பி வெளியில நிப்பார். நாங்க சொல்லிக்கிறோம்" என்றார் சக்கரவர்த்தி. "ஏற்கெனவே அரைமணி போச்சு. ஆரம்பிய்யா."

என் கையில் ஊசி இருந்தது. ஒன்றரை செகண்டில் போட்டிருக்கலாம். பழைய ஆளாக இருந்தால் போட்டிருப்பேன். ஆனால் இருபது நிமிஷம் முன்புவரை சாக்கடைத் திருப்பத்தில் நின்று 'பூனை' என்ற ஒரு வார்த்தை முடியக் காத்திருந்துவிட்டு வந்தவன் நான். ஊசியைத் தட்டில் வைத்தேன். முக்காலியை இழுத்துப் போட்டு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பிக்கு... குடல்வால்... ஆபரேஷன் பண்ணாங்க சார். முப்பது வயசு. மயக்கம் குடுத்தாங்க... தாடை... இறுகிப்போச்சாம். உடம்பு... உலை மாதிரி... கொதிச்சுச்சுன்னு சொன்னாங்க." அவர் கூரையைப் பார்த்தார். "அவன் எந்திரிக்கல. என் பையனுக்கு... இது தெரியாது. அவன் அப்போ... பொறக்கல."

எங்கள் தொழிலில் இதைத் தெரியாதவர் இல்லை. அபூர்வம், ரத்தத்தில் வருவது, அண்ணன் தம்பிகளுக்குள் இருக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் தினமும் கொடுக்கிற வாயுவும் ஓர் ஊசியும் போதும், உடம்பு உள்ளேயிருந்து எரிந்து முடியும். வாயுக் கலன்களைக் கழற்றினோம். இயந்திரத்தின் குழாய்களை மாற்றிச் சுத்தமான ஆக்ஸிஜனை ஓட விட்டோம். மருந்தறையிலிருந்து முறிமருந்தைக் கொண்டுவந்து கைக்கெட்டும் தூரத்தில் வைத்தோம். எல்லாம் நரம்பு வழியாகவே கொடுத்து அவரைத் தூங்க வைத்தேன். ஒன்றேகால் மணி நேரம் போயிற்று. கல் வந்தது, வெல்டர் கண்விழித்தார், என்னை மறந்திருந்தார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சக்கரவர்த்தி மட்டும் இளைய டாக்டரை வைத்து ஏழு மணிக்கே ஆரம்பித்திருந்தால், கோப்பில் 'இல்லை' என்று இருந்ததை நம்பி வாயுவைத் திறந்திருப்பார்கள். அவருடைய திமிர் ஓர் உயிரைக் காப்பாற்றிய சந்தர்ப்பம் இது. அதற்கான பெருமை அவருக்கே சேரட்டும்.

சிஸ்டர் படிவத்தை நீட்டினார். ஏழரைக்கு வைக்க வேண்டிய கத்தி ஒன்பதே காலுக்கு. முதல் அரைமணி என்னுடையது என்பதை மறுக்க முடியாது. ஐந்தாவது கட்டத்தில் மூன்றாவது டிக்கை நானே போட்டேன். கோட்டில், 'நோயாளி ஒரு வாக்கியம் சொல்லிக்கொண்டிருந்தார். முடியும்வரை கேட்டேன்.'

விசாரணைக் கூட்டத்துக்கு வியாழன் காலை ஏழரைக்கு வரச் சொல்லி ஓலை வந்தது. அதில் இரண்டு விஷயங்கள். ஒன்று, நோயாளியின் உயிரைக் காத்த விழிப்புணர்வுக்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ். இரண்டு, அதே நாள், அதே நோயாளி, அதே தாமதத்துக்காக எனக்குக் கண்டனக் கடிதம். இரண்டிலும் சமாதானம் ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டிருந்தார்.

புதன் மாலை என் மனைவி அந்த ஓலையைப் படித்துவிட்டுச் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏழரைக்கா? அது வக்கீல் டைம் ஆச்சே."

"ஒருநாள் நீ லீவு போட்டு..."

"நான் போடலாம். அவளும் வருவா. ஆனா ஒண்ணு சொல்லு, நாளைக்கு ஏழரைக்குப் போய் என்ன சொல்லப்போற? 'காலைல ஏழரைக்கு என்னால வர முடியாது'ன்னா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"எனக்கும் படிவம் இருக்கு தெரியும்ல? ரெண்டு நிமிஷம் லேட்டானா எழுதணும். சிவப்பு விழுந்துச்சு, நின்னேன்னு எழுதுவேன். என்னைக்காவது அதுக்கு நான் கூச்சப்பட்டுப் பார்த்திருக்கியா? சிவப்புல நிக்காம போறவன்தான் கூச்சப்படணும்."

"நாற்காலி போயிரும்."

"அது வேணுமா உனக்கு?"

"வேணும்."

"அப்போ வேணும்னே சொல்லிட்டு இழந்துட்டு வா. வேணாம்னு சொல்லிட்டு வந்தா சீ, அது நடிப்பு" என்றாள் என் மனைவி. பிறகு கீழே குதித்து, வெங்காயத்தை என் பக்கம் தள்ளினாள். "நறுக்கு. நீதான் அழுற மூட்ல இருக்க."

இரவே கண்காணிப்பாளருக்குத் தகவல் அனுப்பினேன்: 'எட்டு மணிக்கு வருகிறேன்.'

வியாழன் காலை ஏழு இருபதுக்குக் கதவைப் பூட்டினோம். சலவைக் கடைவரை வக்கீல் வாயைத் திறக்கவில்லை. கன்னம் மட்டும் உப்பியிருந்தது. உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

"அ-அப்பா. நே... நேத்து நான் கை தூக்கினேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கத்தியிருப்பேன்.

"டீ... டீச்சர் சொல்லச் சொன்னாங்க. நான் ஆ-ஆ-ஆரம்பிச்சேன். ம... ம..." கண்ணை மூடித் தள்ளினாள். சைக்கிள்காரர் சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். "மணி அடிச்சிருச்சு. எ-எல்லாரும் ஓடிட்டாங்க."

திருப்பம் வந்தது. சாக்கடையைத் தாண்ட அவள் கையைப் பிடித்தேன். போச்சு, இனி இந்தப் பிள்ளை கையே தூக்காது என்று என் மனம் அந்த வாக்கியத்தை அதுவாகவே முடித்துவிட்டது. பழைய வியாதி, எளிதில் போகாது.

"ஆனா நா-நான் நிறுத்தல" என்றாள். "யாரும் இ... இல்ல. டீச்சர் போ-போர்டு அழிச்சுட்டு இருந்தாங்க. நான் முழுசா... சொ-சொல்லி முடிச்சேன்."

பெரிய சாலையைக் கடக்கும்போது எனக்கு முன்னால் வந்த வண்டி சரியாகத் தெரியவில்லை. அவள்தான் இழுத்து நிறுத்தினாள்.

எட்டு மணிக்குக் கூட்ட அறைக்குள் போனேன். சமாதானம் நடுவில், மேலாளர் இடப்பக்கம், சக்கரவர்த்தி வலப்பக்கம். மூவரும் ஏழரை மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மேஜைமேல் சான்றிதழும் கண்டனமும் பக்கத்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்தன.

"தாமதத்தைப் பத்தின விசாரணைக்கே தாமதம்!" என்றார் சக்கரவர்த்தி. "உனக்கு வேலை மேல..."

"மரியாதை இருக்கு சார்."

அவர் ஒரு நொடி திகைத்தார். தன் வாக்கியத்தை அடுத்தவர் முடிப்பது அவருக்குப் புது அனுபவம்.

சமாதானம் ஒரு தாளை நகர்த்தினார். "தம்பி, பழசெல்லாம் விடு. ஏழு மணிக்கு வர்றேன்னு இதுல ஒரு கையெழுத்து. கண்டனத்தைக் கிழிச்சுப் போட்டுர்றேன். நாற்காலி உனக்குத்தான்."

"போடலைன்னா?"

"விதிப்படி சின்ன தியேட்டர்" என்றார் மேலாளர். "கண் ஆபரேஷன், பல் ஆபரேஷன். ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கும். தலைவர் பதவிக்கு உங்க பேரைப் பரிசீலிக்க முடியாது. நாங்க உங்க குடும்பத்துக்கு எதிரி இல்ல டாக்டர். ஒரு பேலன்ஸ்..."

"அந்தச் சுவரொட்டியில இருக்கிற ஆளை நான் ரொம்ப நாளா பார்க்குறேன்" என்றேன். "ரெண்டு கையிலயும் சாமான் வெச்சிருக்கான். அந்தக் குழந்தை ஏதாவது சொல்ல வந்தா, அவன் எதைக் கீழ வைப்பான்?"

மேலாளர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு அந்த நாற்காலி வேணும் சார்" என்று சமாதானத்திடம் சொன்னேன். "பன்னிரண்டு வருஷமா வேணும். இந்த ஆஸ்பத்திரியில அதுக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லைன்னு உங்க மூணு பேருக்கும் தெரியும். எட்டு மணிக்கு வர்ற ஆளா என்னைக் குடுத்தா எடுத்துக்கோங்க. ஏழு மணி ஆள் இல்ல."

அவர் நகர்த்திய தாளில் கையெழுத்துக்கான இடத்தில் 'மாட்டேன்' என்று எழுதி, அதன் கீழே தெளிவாகக் கையெழுத்துப் போட்டேன். கண்டனக் கடிதத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சான்றிதழை அவர் பக்கமே தள்ளினேன்.

"ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும். நீங்க எழுதினதுல நான் சம்பாதிச்சது இந்தக் கண்டனம்தான்."

சமாதானம் அந்த 'மாட்டேன்'-ஐ வெகுநேரம் பார்த்தார். அதுவும் சரி என்று சொல்ல முடியாத ஒரு வார்த்தையை வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தித்தவர் போல. பிறகு முத்திரையை எடுத்தார். சின்ன தியேட்டர், வரும் திங்கள் முதல். டக் என்று ஒரு சத்தம். பன்னிரண்டு வருஷம் அவ்வளவுதான் சத்தம் போட்டது.

நான் எழுந்தபோது கதவு திறந்தது. தியேட்டர் சிஸ்டர், பச்சை உடையோடு, கையில் நீலப் படிவத்தோடு நின்றார்.

"மன்னிச்சுக்குங்க. பெரிய தியேட்டர் முதல் கேஸ் ஏழரைக்கு. மணி எட்டே முக்கால். உள்ள ஒரு அம்மா சொட்டுத் தண்ணி குடிக்காம படுத்திருக்காங்க. இந்த மாசத்துலயே பெரிய தாமதம் இதுதான்." படிவத்தைச் சக்கரவர்த்தி முன் வைத்தார். "கத்தி வைக்கிறவர் இங்க இருந்தாரு. காரணம் என்ன எழுதட்டும் சார்?"

"கருவி..." என்றார் சக்கரவர்த்தி.

"எந்தக் கருவி சார்?"

சக்கரவர்த்தி கண்காணிப்பாளரைப் பார்த்தார். சமாதானம் முத்திரையின் அடிப்பக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். மேலாளர் எங்கோ சுவரைப் பார்த்தார். அங்கே அவருடைய சுவரொட்டி இருந்தது.

"அது வந்து..." என்றார் சக்கரவர்த்தி. "இன்னிக்குக் காலைல... ஒரு... நாங்க..."

பேனாவை ஐந்தாவது கட்டத்துக்கு மேலே பிடித்தபடி சிஸ்டர் நின்றார். இருபத்திரண்டு வருஷமாக எடுத்துக் கொடுத்த வாய், இன்று எடுத்துக் கொடுக்கவில்லை. சக்கரவர்த்தியின் நெற்றியில் வியர்வை அரும்பியது. வார்த்தை தொண்டைவரை வந்து நிற்பது வெளியிலிருந்தே தெரிந்தது. அந்த இடம் எனக்கு நன்றாகப் பழகிய இடம். பாவமாகக்கூட இருந்தது.

"அவசரப்படுத்தாதீங்க சிஸ்டர்" என்றேன். "முடிக்கட்டும்."

மறுநாள் காலை சலவைக் கடை தாண்டியதும், அன்று மட்டும் வாயைத் திறந்து, வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி போனதை, இனி வேலை ஒன்பது மணிக்கு என்பதை, படிவத்தை. சைக்கிள்காரர் கையை உயர்த்தினார்; அவள் பதிலுக்குத் தூக்கினாள். நேராக, தலைக்கு மேலே, வகுப்பில் தூக்குவது போல.

"அ-அப்புறம்... அந்த டாக்டர் மு... மு..."

நான் காத்திருந்தேன். திருப்பம் வந்தது, தாண்டினோம்.

"...முடிச்சாரா?"

"நான் வெளிய வர்றவரைக்கும் இல்ல."

அவள் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தாள்.

"அவரை ந-நடக்கச் சொல்லு" என்றாள்.